சன்னாசியின் மடிச்சூடு

மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு ஆயர் செஜோக் என்று பேர். மலாயில் குளிர்ந்த தண்ணீர் என்று அர்த்தம். பேர் வைத்தவன் ஊரைப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்கிறான், ஏனென்றால் காலையில் தூறி, மத்தியானம் கொட்டி, சாயங்காலம் போனால் போகிறதென்று கொஞ்சம் விட்டு, விளக்கு வைத்ததும் மறுபடி பிடித்துக்கொள்ளும் மழை இங்கே. துவைத்த துணி காய மூன்று நாளாகும், நான்காம் நாள் எடுத்து முகர்ந்தால் பாசி வாடை அடிக்கும், அதனால் மறுபடி துவைப்போம். இப்படிப்பட்ட ஊரில், எழுபத்தெட்டாம் வருஷம் மார்கழி பதினோராம் தேதி காலையில், சன்னாசியின் தோளில் கிடந்த ஈரத் துண்டு அவர் ஒரு கிளாஸ் காப்பி குடித்து முடிப்பதற்குள் மொடமொடவென்று காய்ந்துபோனது. அவர் மனைவி பச்சையம்மா துண்டை எடுத்து மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, கொடியில் மூன்று நாளாகத் தொங்கிய தன் சேலையைக் கொண்டுவந்து அவருடைய மறுதோளில் போட்டாள்.

சன்னாசி பேருக்குத்தான் சன்னாசி. பச்சையம்மாவைக் கட்டி இருபத்தொன்பது வருஷம், அவள் கைச் சோற்றைத் தவிர வேறு சோறு அவருக்கு இறங்காது. பிள்ளை இல்லை. ஊர் ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பாசியும் தாமரைக்கொடியும் அரித்தெடுப்பது அவர் உத்தியோகம். முப்பத்தொரு வருஷம் அப்படி நின்றுவிட்டு ஓய்வு பெற்றபோது முனிசிபாலிட்டி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது, ஏரி தன் பங்குக்குக் குளிரைக் கொடுத்தனுப்பியது. முதலில் கால்விரல், பிறகு கணுக்கால், வருஷம் திரும்புவதற்குள் முழங்கால் என்று, தைலத்துக்கும் தவிட்டு ஒத்தடத்துக்கும் மசியாமல், வாடகைக்கு வந்தவன் மாடியையும் பிடித்துக்கொள்வதுபோல அது ஏறியது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரி டாக்டர் குரியன், இருதயம் களைத்துப்போய்விட்டது என்று மாத்திரை எழுதினார். தீபாவளிக்குக் குளிர் தொப்புளைத் தொட்டது. பச்சையம்மா தினமும் காலையில் அவர் வயிற்றில் கை வைத்து அளந்து பார்த்துக்கொண்டிருந்தாள், நெஞ்சுக்கு இன்னும் நாலு விரற்கடைதான் இருந்தது.

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் அவள் குடையை எடுத்துக்கொண்டு லான் சிங்சேயின் மருந்துக்கடைக்குப் போனாள். சீன வைத்தியரைச் சிங்சே என்போம். லான் தன் தகப்பனாரிடமிருந்து கடையையும் அறுநூறு இழுப்பறைகளையும் வாங்கிக்கொண்ட பெண்மணி, ரப்பர்த் தோட்டத்து ஓரத்தில் பிறந்து வளர்ந்ததால் எங்களைவிட நன்றாகத் தோட்டத்துத் தமிழ் பேசுவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மேல் வரிசையில் ஓர் இழுப்பறையைத் திறந்து, கருத்த மாங்காய் வற்றல் மாதிரி சில துண்டுகளை எடுத்துக் காகிதத்தில் வைத்தார்.

"முதல்ல ஒண்ணு தெரிஞ்சிக்க பச்ச. இது விஷம்" என்றார்.

பச்சையம்மா காகிதத்தைத் தொடவில்லை.

"ஃபூசின்னு பேரு. கிழங்கு. மண்ணுல இருந்து எடுத்த மேனிக்குத் தின்னா ஆளைக் கொன்னுரும். உப்புத் தண்ணியில ஊறவெச்சி, அவிச்சி, சீவி, காயவெச்சா பாதி விஷம் போவும். மீதி நெருப்புலதான் போவும். போனப்புறம் இதை மாதிரி குளிரை வெரட்டற சாமான் கெடையாது."

"எங்கப்பா வச்சநாபின்னு ஒண்ணு சொல்வாரு சிங்சேம்மா. மாட்டு மூத்திரத்துல ஊறப்போட்டு எடுப்பாங்களாம்."

"அதுக்கு இது ஒண்ணுவிட்ட தங்கச்சி. குணமும் அப்படித்தான், கோவமும் அப்படித்தான்." லான் சிங்சே தராசில் துண்டுகளை நிறுத்து, ஒன்றை எடுத்துத் திரும்ப இழுப்பறையில் போட்டார். "ஒருநாள் விட்டு ஒருநாள், நாப்பத்தெட்டு நாள். அதுக்கு மேல கெடையாது. நானே இங்க காய்ச்சித் தரேன். மாத்திரை குடுக்கற டாக்டர்கிட்ட இதையும் சொல்லிரு. மறைக்கக் கூடாது."

பச்சையம்மா தலையாட்டினாள். ஆனால் டாக்டரிடம் சொல்லவில்லை. சட்டைப்பையில் பேனா வைத்திருப்பவர்களிடம் வேரைப் பற்றிப் பேச அவளுக்குக் கூச்சம்.

கடையின் பின்கட்டில் கரியடுப்பில் கிழங்கு முதலில் தனியாகக் கொதிக்கும், இரண்டு மணி நேரம் ஆனதும் இஞ்சியும் அதிமதுரமும் போய்ச் சேரும், பிறகு லான் சிங்சே ஒரு சொட்டை எடுத்துத் தன் நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு, ஊதுபத்தி பாதி எரியும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார். நாக்கு மரத்தாலோ விறுவிறுத்தாலோ விஷம் இன்னும் இருக்கிறது, மறுபடி கொதிக்க வேண்டும். நாக்கு நாக்காகவே இருந்தால் சன்னாசி குடிக்கலாம். "கடியாரத்த நம்பாத" என்பார். "கரி ஒருநாள் மாதிரி ஒருநாள் எரியாது. நாக்குதான் கணக்கு."

இதை அவர் செய்யும்போதெல்லாம் பச்சையம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். அவள் கோயில் மடைப்பள்ளியில் சமைத்த குடும்பம். சாமிக்குப் போவதையும் புருஷனுக்குப் போவதையும் முன்னால் நாக்கில் வைத்தால் எச்சில். அந்த வீட்டுப் பெண்கள் உப்பை மூக்கால் பார்ப்பார்கள், புளிப்பை மூக்கால் பார்ப்பார்கள், இருபத்தொன்பது வருஷத்தில் ஒருநாள்கூட அவள் குழம்பில் உப்புக் கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. அடுத்தவர் எச்சில்பட்ட கஷாயம் அவருக்குப் போவது அவளுக்குத் தாங்கவில்லை. உயிர் பெரிதா எச்சில் பெரிதா என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு, சிங்சே கை மருந்து சிங்சே பாடு என்று பதில் சொல்லிக்கொண்டாள்.

ஏழாவது வேளைக்கு மறுநாள்தான் துண்டு காய்ந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பத்து மணிக்கு அடுத்த வீட்டு மரியபுஷ்பம் தன் புருஷனுடைய லாரிச் சட்டையைக் கொண்டுவந்தாள், பதினோரு மணிக்கு எதிர்வீட்டு ரொக்கியா பள்ளிக்கூடச் சப்பாத்துகள் நாலு ஜோடி கொண்டுவந்தாள், மறுநாள் தபால்காரர் நனைந்த கடிதங்களைச் சன்னாசியின் முதுகில் ஒவ்வொன்றாகச் சாய்த்து எழுத்து கலையாமல் எடுத்துப்போனார், அதற்கு மறுநாள் பள்ளிவாசல் பாய்கள் வந்தன, மாரியம்மன் கோயில் திரைச்சீலை வந்தது, காப்பிக்கடைக்காரர் ரொட்டி மாவுச் சட்டியை அவர் காலடியில் வைத்துவிட்டு மாவு உப்பும்வரை நின்று கதை பேசினார். வாசல் தகரக் கூரைக்கடியில் நாற்காலி போட்டு, நாற்காலியைச் சுற்றி ஏழு கொடி கட்டி, நடுவில் சன்னாசி உட்கார்ந்திருந்தார். சட்டங்கள் தானாக வந்தன: கைக்குழந்தைத் துணிக்கு முதல் கொடி, பள்ளிக்கூட உடுப்புக்கு இரண்டாவது, உள்ளாடைகளை வெளியே தெரியாமல் தலையணை உறைக்குள் போட்டுத்தான் கொண்டுவர வேண்டும், கல்யாணப் பட்டுச் சேலையை அவருக்குக் காலை வெயில்போல இளஞ்சூடு இருக்கும்போதே காட்டிவிட வேண்டும். ஏன் இப்படி என்று கேட்டவர்கள் யாருமில்லை. கொடி எப்போது காலியாகும் என்றுதான் கேட்டோம். நானும் இரண்டு போர்வை காயவைத்திருக்கிறேன், மறைப்பானேன்.

ஏரியிலிருந்து வந்தபிறகு யாருக்கும் எதற்கும் வேண்டாதவராக இருந்த மனிதர், ஊரின் சூரியனாக உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு பவிசு வந்துவிட்டது. "ரொக்கியா, அந்தச் சப்பாத்தத் திருப்பிப் போடு, உள்பக்கம் ஈரம்" என்று அதிகாரம் பண்ணினார். குளிர் தொப்புளைவிட்டு இறங்கி, முழங்காலைவிட்டு இறங்கி, பொங்கலன்று கால் கட்டைவிரல் நகத்தடியில் ஒரு கடுகளவு பாக்கி இருந்தது.

"போதும்" என்றார் லான் சிங்சே. "மிச்சம் ஏழு வேளையோட நிறுத்திருவோம். குளிரு எறங்கினப்புறம் இதைக் குடிக்கறது, வந்த சண்டை முடிஞ்சப்புறம் கத்தியை வீசறது."

"நிறுத்தினா இந்தச் சூடு?" என்று சன்னாசி கேட்டார்.

"போவும். நீ ஆளு மாதிரி ஆயிருவ."

சன்னாசிக்கு அது நல்ல செய்தியாகப் படவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

தை பிறந்து ஒரு வாரத்தில் மரியபுஷ்பத்துக்கு ஏழாம் மாசத்திலேயே ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. இரண்டரை ராத்தல். குறைமாசப் பிள்ளைகளைச் சூட்டில் வைக்க ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் வேறொரு பிள்ளை படுத்திருந்தது, மலைப்பாதை உடைந்து பெரிய ஊருக்கு வண்டி போகவில்லை. தன் வீட்டு உடுப்புகளையும் இங்கே காயவைத்துக்கொண்டிருந்த தாதி ஒருத்தி, பஞ்சில் சுற்றிய பிள்ளையைத் தானே சுமந்துவந்து சன்னாசியின் மடியில் வைத்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை அவர் கட்டைவிரல் மொத்தத்தில் இருந்த காலை ஒருதரம் நீட்டி மடக்கிவிட்டுத் தூங்கிப்போனது.

அன்றிலிருந்து பாலுக்குத் தாயிடம் போகும் நேரம் தவிர அது அந்த மடியைவிட்டு இறங்கவில்லை. சன்னாசி உட்கார்ந்தே தூங்கினார். நாங்கள் துணிகளை நாற்காலியின் பின்பக்கமாகப் போட்டுக்கொண்டோம், காப்பிக்கடைக்காரர் மாவுச் சட்டியைக் கொண்டுவருவதை நிறுத்தினார். ஒரு வேளை மருந்தின் சூடு ஒன்றரை நாள் நிற்கும், பிறகு தணியத் தொடங்கும். தணிந்தால் பிள்ளையின் நகம் நீலமாகும். மறுவேளை குடித்ததும் சிவக்கும். அதைப் பார்க்கப் பார்க்கச் சன்னாசிக்குக் கடைசி வேளை நெருங்குவதுதான் பயமாக இருந்தது. குளிர் ஏறியபோது அவர் இவ்வளவு பயப்படவில்லை.

சீனப் பெருநாள் வந்தது. லான் சிங்சே, உடைந்த மலைப்பாதைக்கு இந்தப் பக்கமே இருந்த அக்காள் வீட்டுக்குப் புறப்படும்போது, மிச்சமிருந்த மூன்று பொட்டலத்தைப் பச்சையம்மாவின் கையில் கொடுத்து, கிழங்கு முதலில், இரண்டு மணி, அப்புறம் இஞ்சி, அப்புறம் நாக்கு என்று விரல்விட்டுச் சொன்னார். பச்சையம்மாவும் விரல்விட்டுத் திருப்பிச் சொன்னாள். நாக்கு என்று சொல்லும்போது குரல் இறங்கியது, சிங்சே பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பொட்டலம் சரியாகக் கொதித்தது. பச்சையம்மா சட்டிமேல் குனிந்து மூக்கால் பார்த்தாள், சிங்சே வீட்டுச் சட்டியில் வந்த அதே வாசம் வந்தது, ஊற்றிக் கொடுத்தாள்.

இரண்டாவது பொட்டலத்தன்று மழையில் கரி ஈரமாக இருந்தது. அடுப்பு புகைந்ததே தவிரப் பிடிக்கவில்லை, சட்டி கொதிப்பதும் அடங்குவதுமாக இருந்தது, சுவர்க்கடிகாரம் மட்டும் தன் பாட்டுக்கு இரண்டு மணி நேரத்தைக் காட்டியது. வாசலில் சன்னாசியின் மடி ஆறிக்கொண்டிருந்தது.

"மாமா, நகம் நீலமாவுது" என்றாள் மரியபுஷ்பம்.

"பச்ச, ஆச்சா?"

"இஞ்சி போட்டாச்சு, இருங்க."

"எவ்வளவு நேரம் இருக்கறது? பிள்ள நெலமையப் பாரு."

பச்சையம்மா குனிந்து முகர்ந்தாள். இஞ்சி மணந்தது, அதிமதுரம் இனித்தது. விஷத்துக்கு வாசம் கிடையாது என்பது அந்த மூக்குக்குத் தெரியாது. கரண்டி கையில் இருந்தது, நாக்கு வாயில் இருந்தது, இரண்டுக்கும் நடுவில் இருபத்தொன்பது வருஷம் இருந்தது. அவள் கிளாஸில் ஊற்றினாள்.

முதல் வாயிலேயே சன்னாசிக்கு உதடு விறுவிறுத்தது. இன்றைக்கு மருந்து பலமாக இறங்கியிருக்கிறது, பிள்ளைக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் அடிவரை குடித்தார். பிள்ளையை வாங்கி மடியில் வைத்தார். சூடு வந்தது, நகம் சிவந்தது. கால் மணி நேரம் போல ஆகியிருக்கும், அவர் முகத்தில் வேர்வை துளிர்த்தது.

"புஷ்பம், பிள்ளைய வாங்கிக்க" என்றார். "இந்தக் கை என்னுது மாதிரி இல்ல."

அவள் வாங்கியபிறகுதான் அவர் நாற்காலியிலிருந்து சரிந்தார்.

ஆஸ்பத்திரி வண்டியில் சன்னாசியும் பச்சையம்மாவும் மரியபுஷ்பமும் பிள்ளையும் ஒன்றாகப் போனார்கள். தெய்வம் ஒரு கதவைத் திறந்துவைத்திருந்தது. கண்ணாடிப் பெட்டியில் இருந்த பிள்ளை அன்று காலைதான் வீட்டுக்குப் போயிருந்தது. மரியபுஷ்பத்தின் பிள்ளை பெட்டிக்குள் போனது. சன்னாசி கட்டிலில் கிடந்தார், இருதயம் நாலு அடி நடந்து, ஓர் அடி தடுக்கி, இரண்டு அடி ஓடி, நின்று யோசித்தது.

"என்ன சாப்பிட்டாரு?" என்று டாக்டர் குரியன் கேட்டார். பச்சையம்மா இட்லி என்றாள். இரண்டாந்தரம் கேட்டார். காப்பி என்றாள்.

நடையில் நாங்கள் ஒரு கூட்டம் நின்றோம். வாயைத் திறக்காதே, சிங்சேயைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும், உன்னையும் கேள்வி கேட்பார்கள் என்று எங்களில் யாரோ அவள் காதில் சொன்னார்கள். அது யார் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பச்சையம்மா சொன்னவரைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், பிறகு முந்தானைக்குள் அணைத்துக் கொண்டுவந்திருந்த மண்சட்டியை வெளியே எடுத்து, டாக்டருடைய மேஜையில், காகிதங்களின்மேல் வைத்தாள்.

"இது குடிச்சாரு. ஃபூசிக் கிழங்கு. நாப்பது நாளைக்கு மேலாக் குடிக்கிறாரு. உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க, நான் சொல்லல. இன்னிக்கு நெருப்பு பத்தல. நாக்குல வெச்சிப் பாக்கச் சொன்னாங்க, அதையும் நான் பாக்கல."

டாக்டர் சட்டிக்குள் பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை. "இதுக்கு மாத்து மருந்து கெடையாதும்மா" என்றார். "ஆனா இதுதான்னு தெரிஞ்சா, இருதயம் எங்க தடுக்கும்னு தெரியும். அங்க போய் நின்னுக்கலாம்."

நின்றுகொண்டார். இரண்டு பகலும் இரண்டு இரவும் அவரும் தாதிகளும் அந்த இருதயம் தடுக்கிய இடத்திலெல்லாம் ஊசியோடு நின்றார்கள். அந்த இரண்டு நாளும் ஊரில் ஏழு கொடியிலும் துணி நனைந்துகொண்டே தொங்கியது, எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. ஒரு மனிதனைக் கொடிக்கம்பம் ஆக்கியிருந்தோம், அதை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாள் காலையில் சன்னாசி கண்விழித்து, பிள்ளை எங்கே என்று கேட்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

லான் சிங்சே ஊர் திரும்பியதும் பெட்டியைக்கூட வீட்டில் வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"நாக்குல வெச்சியா பச்ச?"

"அவர் குடிக்கறத நான் எப்படி சிங்சேம்மா எச்சில் பண்றது?"

சிங்சே பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். "நீ செவுத்தப் பாத்து நின்னப்பவே நான் கேட்டிருக்கணும்" என்றார். "மருந்து தெரிஞ்ச அளவுக்கு உன்னைத் தெரிஞ்சி வெச்சிக்கல." பிறகு டாக்டரிடம் போய்ப் பொட்டலத்தில் என்னென்ன எவ்வளவு இருந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். இருவரும் ஒத்துப்போன விஷயம் ஒன்றுதான்: சன்னாசிக்கு இனி அந்தக் கிழங்கு கிடையாது. மூன்றாவது பொட்டலத்தைச் சிங்சே வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்த சன்னாசி, சிங்சே சொன்னபடி, ஆளு மாதிரி ஆகியிருந்தார். தொட்டால் எல்லாரையும்போல இருந்தார். மாத்திரை ஒழுங்காக உள்ளே போனது. இஞ்சித் தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார், அதனால் முதல்நாள் பச்சையம்மா இஞ்சி தட்டிப்போட்டுக் காய்ச்சி, கிளாஸில் ஊற்றி, அவருக்கு எதிரே நின்று, அதிலிருந்து ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"வெறும் இஞ்சிதான புள்ள. இதுக்கு எதுக்கு?" என்றார்.

"எதுவா இருந்தா என்ன. எனக்கு முன்னால உங்களுக்குப் போவக் கூடாது."

சன்னாசி மிச்சத்தைக் குடித்தார். இருபத்தொன்பது வருஷத்தில் அவர்கள் முதன்முதலாக ஒரே கிளாஸில் குடித்தது அன்றைக்குத்தான், இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

மாசி பிறந்தது. குளிர் கணுக்கால்வரை திரும்பி வந்து அங்கே நின்றது, ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. சன்னாசி பழைய நேரத்துக்குப் பழைய நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஏழு கொடியும் வெறுமையாகக் கிடந்தன. துணியோடு போக எங்களுக்கு முகமில்லை, துணியில்லாமல் போகக் காரணமில்லை, அதனால் தெருவில் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தோம். அவர் மடியில் இரண்டு கையையும் மல்லாத்தி வைத்துக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார். உயிர் திரும்பிவந்ததில் அவருக்குச் சந்தோஷம் இருக்கிறதா என்று பச்சையம்மாவுக்குத் தெரியவில்லை. கேட்கப் பயந்தாள்.

மாசி எட்டாம் நாள் மத்தியானம், மரியபுஷ்பம் ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஐந்து ராத்தல் ஆகியிருந்தது. தன் வீட்டுக்குள் போகாமல், குடையை மடக்கிவிட்டு, நேராக வந்து அவர் முன்னால் நின்றாள்.

சன்னாசி கையை எடுத்துப் பின்னால் வைத்துக்கொண்டார். "எங்கிட்ட சூடு இல்லம்மா இப்ப."

"தெரியும் மாமா" என்றாள் மரியபுஷ்பம். பிள்ளையை மடியில் கிடத்தினாள். "இவன்கிட்ட இருக்கு."

பிள்ளை கையைக் காலை உதைத்து, கண்ணைச் சுருக்கி, இடம் பிடித்துக்கொண்டு தூங்கியது. அவர் முதலில் ஒரு கையையும் பிறகு மறுகையையும் கொண்டுவந்து அதன்மேல் வைத்தார். எதிர்வீட்டிலிருந்து ரொக்கியா வெறுங்கையோடு வந்து படியில் உட்கார்ந்தாள், பிறகு தபால்காரர் வந்தார், பிறகு நானும் போனேன். யாரிடமும் துணி இல்லை. மழை பெய்தது, பேசிக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் பிள்ளை தூக்கத்திலேயே அவர் மடியை நனைத்தது. கைலி நனைந்து, ஈரம் தொடை வழியாக இறங்கிக் கணுக்கால்வரை போனது. பச்சையம்மா பதறிப்போய் மாற்றுக் கைலியோடு ஓடிவந்து, பிள்ளையைத் தூக்கக் குனிந்தாள்.

"இரு பச்ச, தூக்காத" என்றார் சன்னாசி. "சூடா இருக்கு."